ஜவ்வைத் தைக்கும் முன் தசைநாணைப் பார்த்தல்: ஓர் ஏலத்தோட்டத் தொழிலாளியின் கணுக்கால்

பின்னணி

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியுமுன்னே ஜீப் ஏறி, கம்பம் மெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய் இருட்டுவதற்குள் வீடு திரும்பும் பெண்களில் ஒருவர் இவர். வயது முப்பதுகளின் கடைசி. திருமணமாகி வந்த நாள்முதல் காய் எடுக்கும் வேலைதான். ஏலச்செடியில் காய் உயரத்தில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பும் சரங்களில், மண்ணை ஒட்டிக் கிடக்கும். எடுப்பவர் நாள் முழுக்கச் சரிவில் குந்தியிருக்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் ஊன்றிய பாதம் உள்நோக்கித் திரும்பி, வெளி விளிம்பில் பாரம் தாங்கும். அப்படித் திரும்பும் பாதத்தை வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்கிற வேலை, கணுக்காலின் வெளிப்புறமாக இறங்கும் பெரோனியஸ் லாங்கஸ், பெரோனியஸ் பிரெவிஸ் என்ற இரண்டு தசைநாண்களுடையது (தசையை எலும்போடு இணைக்கும் நார்தான் தசைநாண்; எலும்பை எலும்போடு பிணைப்பது ஜவ்வு). இந்த வேலைமுறையை நோயாளியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது பின்னால் மிகவும் உதவியது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாளில் ஜீப்பிலிருந்து இறங்கும்போது வலது கால் மடங்கியது. வீங்கியது. ஊரில் எண்ணெய் போட்டு நீவிக் கட்டுப்போட்டார்கள். வீக்கம் முழுதாக வடிவதற்குள் வேலைக்குப் போய்விட்டார். அதன்பின் அதே கால் மாதத்துக்கு ஓரிரு முறையாவது மடங்கிக்கொண்டிருந்தது. சிலமுறை தோட்டத்துக்குப் பக்கத்திலிருந்த கேரள மருத்துவமனையிலும், சிலமுறை தமிழ்நாட்டுப் பக்கமும் காட்டியிருக்கிறார். எக்ஸ்ரேயும் சீட்டும் இரண்டு மாநிலங்களிலுமாகச் சிதறிக் கிடந்தன. எல்லைப்புறத்தில் மருத்துவம் பார்ப்பவர்களுக்கு இது புதிதில்லை. முழு வரலாற்றையும் நோயாளியின் வாயிலிருந்துதான் தொகுக்க வேண்டியிருக்கும்.

எங்களிடம் வந்தபோது ஒரு எம்.ஆர்.ஐ. அறிக்கையும், "வெளிப்புற ஜவ்வு கிழிந்துள்ளது, அறுவை தேவை" என்ற வேறொரு மருத்துவமனையின் பரிந்துரையும் கையில் இருந்தன. அறுவைக்குமுன் தசையை வலுப்படுத்த வேண்டும் என்று முதலில் எங்கள் பிசியோதெரபிஸ்ட்டிடம்தான் அனுப்பப்பட்டார்.

முதல் சந்தேகம் எழுந்த இடம்

கணுக்கால் அடிக்கடி மடங்குபவர்களுக்கு அறுவைக்கு முன்போ, அறுவையே தேவைப்படாதபடிக்கோ கொடுக்கும் வழக்கமான பயிற்சி ஒன்று உண்டு. ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கம் இழுப்பது. ஜவ்வு தளர்ந்ததை ஓரளவு தசை ஈடுகட்டும் என்பது இதன் கணக்கு. பெரும்பாலோருக்கு இதில் வலி இருக்காது, சலிப்புத்தான் இருக்கும். இவர் ஏழெட்டு முறை இழுத்ததும் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். "வேணாம் தம்பி, பின்னாடி புடிக்குது" என்றார். அடுத்த வாரமும் அதே கதை. பிசியோதெரபிஸ்ட் தன் குறிப்பில் "வெளிப்புறம் திருப்பும்போது வலி, வலு குறைவு, பயிற்சி ஏற்கவில்லை" என்று எழுதி என்னிடம் அனுப்பினார். இந்த நிகழ்வின் போக்கை மாற்றியது அந்த ஒற்றை வரிக் குறிப்புத்தான்.

என்னிடம் வந்ததும் வலிக்கிற இடத்தை ஒரே விரலால் காட்டச் சொன்னேன். கணுக்கால் நோயாளிகள் உள்ளங்கையை வைத்துப் பொத்தினாற்போல் காட்டுவார்கள், அதில் ஒன்றும் பிடிபடாது. இவர் கட்டைவிரலால் வெளிக்கணு எலும்பின் பின்பக்கத்திலிருந்து அடிவழியாக முன்னோக்கி ஒரு கோடு இழுத்தார்.

"கால் பெரண்டா ஒரு நிமிசம் உக்காந்து எந்திரிச்சுருவேன் சார். அது பெருசில்ல. இந்தா, கரண்டைக்குப் பின்னாடிதான் சாயங்காலமானா சுருக்குச் சுருக்குன்னு புடுங்குது. எறக்கத்துல எறங்கும்போது உள்ளுக்குள்ள டொக்குங்குது."

ஜவ்வுத் தளர்ச்சி மட்டும் இருப்பவருக்குக் கால் மடங்கும்போது வலிக்கும். இரண்டு மடங்கலுக்கு நடுவே பெரும்பாலும் சும்மா இருக்கும். இவருக்கோ மடங்காத நாளிலும் வலி. அது ஜவ்வு இருக்கும் முன்பக்கத்தில் இல்லாமல் எலும்புக்குப் பின்னால் இருந்தது. கூடவே வேலை முடிகிற நேரத்து வீக்கமும் உள்ளே சொடுக்கும் உணர்வும். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் தசைநாணைச் சோதிக்காமல் அறுவை மேசைக்குப் போவது சரியாகப் படவில்லை.

கை வைத்துப் பார்த்தது

ஜவ்வு தளர்ந்திருந்தது உண்மை, அதில் சந்தேகமே இல்லை. குதிகாலைப் பிடித்து முன்னோக்கி இழுக்கும் சோதனையில் வலது பாதம் இடதைவிட நன்றாகவே நழுவியது, முடிவில் சட்டென்று நிற்கும் பிடிப்பும் இல்லை. உள்நோக்கிச் சாய்க்கும் சோதனையும் அப்படியே.

தசைநாணுக்கான சோதனைகளைத் தனியாகச் செய்தோம். வெளிக்கணு எலும்புக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு, பாதத்தை மேலே தூக்கி வெளிப்பக்கம் திருப்பச் சொன்னபோது அவர் காட்டிய அதே வலி வந்தது. தடுப்புக் கொடுத்து வெளிப்பக்கம் தள்ளச் சொன்னால் 5-க்கு 4 வலுத்தான். பாதத்தை வட்டமாகச் சுற்றச் சொன்னபோது தசைநாண் எலும்பின் மேலேறி முன்பக்கம் வரவில்லை. ஆனால் விரலுக்கடியில் ஏதோ ஒன்று மற்றொன்றின் மேல் ஏறி இறங்குவது தெரிந்தது.

இன்னும் இரண்டைப் பார்க்காமல் ஜவ்வு அறுவையைப் பற்றிப் பேசக்கூடாது. குதிகால் உள்பக்கம் சாய்ந்திருந்தால், தைத்த ஜவ்வும் தசைநாணும் திரும்பவும் அதே இழுவையில் பழுதாகும். அப்போது எலும்பையும் வெட்டித் திருத்த வேண்டிவரும். இவருக்குக் குதிகால் நேராக இருந்தது. உடம்பின் மூட்டுகளெல்லாம் பொதுவாகவே தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் பெய்ட்டன் அளவில் 9-க்கு 2 மட்டுமே. இரண்டிலும் பிரச்சினை இல்லை.

படங்கள் சொன்னதும் சொல்லாததும்

நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம் இல்லை. தசைநாண்களைப் பிடித்து வைக்கும் மேல் பெரோனியல் பட்டை எலும்போடு பிய்ந்து வந்திருந்தால் வெளிக்கணு எலும்பின் ஓரத்தில் சின்னச் சில்லு தெரியும். அதுவும் இல்லை. பாதத்தை உள்நோக்கிச் சாய்த்து எடுத்த படத்தில் மூட்டின் சாய்வு வலப்பக்கம் 14 டிகிரி, இடப்பக்கம் 6 டிகிரி.

எம்.ஆர்.ஐ. அறிக்கை, வெளிப்புற ஜவ்வுகளில் முன்பக்கத்து ஜவ்வின் பழைய கிழிசலைத் தெளிவாகச் சொன்னது. குருத்தெலும்பு நன்றாக இருப்பதாகவும் சொன்னது. தசைநாண்களைப் பற்றி ஒரே வரி: "லேசான சிக்னல் மாற்றம், மேஜிக் ஆங்கிள் விளைவாக இருக்கலாம்." அறுவையைப் பரிந்துரைத்த சீட்டில் இந்த வரி இடம்பெறவில்லை.

இந்த வரியை எழுதிய ரேடியாலஜிஸ்ட்டைக் குறை சொல்ல முடியாது. தசைநாணின் இழைகள் காந்தப்புலத்துக்கு ஏறக்குறைய 55 டிகிரி கோணத்தில் இருந்தால், பழுதே இல்லாதபோதும் சிலவகைப் படங்களில் வெளிறித் தெரியும். இதற்குத்தான் மேஜிக் ஆங்கிள் விளைவு என்று பெயர். பெரோனியல் தசைநாண்கள் வெளிக்கணு எலும்பின் நுனியைச் சுற்றி வளைகிற இடம் சரியாக அந்தக் கோணத்தில் வந்து நிற்கும். அவை பெரும்பாலும் கிழிகிற இடமும் அதுவே. உண்மைக் கிழிசலும் போலித் தோற்றமும் ஒரே இடத்தில் குடியிருக்கின்றன. பாதத்தைச் சற்றுக் கீழ்நோக்கி நீட்டி எடுத்தாலோ, எக்கோ நேரம் (சிக்னலைப் பதிவதற்கு முன் காத்திருக்கும் நேரம்) கூடுதலான படங்களோடு ஒப்பிட்டாலோ இந்தக் குழப்பம் குறையும். ஆனால் அப்படி எடுக்க வேண்டும் என்று ஸ்கேன் மையத்துக்கு யாராவது சொல்ல வேண்டும். இவருடைய கோரிக்கைச் சீட்டில் இருந்தது "கணுக்கால் ஜவ்வுக் கிழிசலா?" என்ற கேள்வி மட்டும். கேட்ட கேள்விக்குப் பதில் வந்திருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. அசையாத காலைப் படமெடுக்கிறது. இந்த நோயாளிக்கோ தொல்லை அசையும்போது வருகிறது.

அசைத்துப் பார்த்த அல்ட்ராசவுண்ட்

அதனால் எங்கள் கோரிக்கையில் வலி இருக்கும் இடத்தையும், சொடுக்கு எந்த அசைவில் வருகிறது என்பதையும் எழுதி அல்ட்ராசவுண்டுக்கு அனுப்பினோம். நானும் கூடப் போயிருந்தேன். எலும்பு நுனிக்கு நேரே குறுக்குவெட்டில் பார்த்தபோது, எலும்பை ஒட்டிக் கிடக்க வேண்டிய பிரெவிஸ் தட்டையாகி, நடுவில் இடைவெளியோடு இரண்டு துண்டாகத் தெரிந்தது. பாதத்தைத் தூக்கி வெளிப்பக்கம் திருப்பச் சொன்னதும் பின்னால் இருந்த லாங்கஸ் அந்த இடைவெளிக்குள் சறுக்கி இறங்கியது. அதே நொடியில் அவர், "இந்தா, இதுதான் சார்" என்றார்.

தசைநாண் தன் உறையை விட்டு வெளியே வராமல் உள்ளேயே இடம் மாறும் இந்த நிலையை ரெய்க்கின் குழுவினர் 2008-இல் இரண்டு வகையாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். தசைநாண்கள் கிழியாமல் ஒன்றையொன்று தாண்டுவது ஒரு வகை. கிழிந்த பிரெவிஸின் வழியே லாங்கஸ் நுழைவது இரண்டாவது. இவருடையது இரண்டாவது வகை. கூடவே பிரெவிஸின் தசைப்பகுதி வழக்கத்தைவிடத் தாழ இறங்கி, குறுகிய பள்ளத்தில் நெரிசலை உண்டாக்கியிருந்தது.

உறைக்குள் நீரும் இருந்தது. அதை மட்டும் வைத்துத் தசைநாண் நோய் என்று முடிவுகட்ட முடியாது. குதிகாலுக்கு இறங்கும் ஜவ்வு இந்த உறையின் அடித்தளத்தை ஒட்டியே ஓடுகிறது. அது கிழிந்தால் மூட்டு நீர் உறைக்குள் கசியும். ஒரு காலத்தில் மூட்டுக்குள் சாயம் செலுத்தி, அது உறைக்குள் வந்தால் அந்த ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

உறைக்குள் மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு வலி போகிறதா என்று பார்க்கலாமா என்ற யோசனை வந்தது. நல்ல சோதனைதான். ஆனால் மேலே சொன்ன கசிவு எதிர்த்திசையிலும் நடக்கும். மருந்து மூட்டுக்குள் போய்விட்டால், வலி போனாலும் எதனால் போனது என்று சொல்ல முடியாது. கையும் அல்ட்ராசவுண்டும் ஒன்றையே சொன்ன நிலையில் அது தேவைப்படவில்லை. ஸ்டீராய்டு ஊசி, கிழிந்த தசைநாணை மேலும் பலவீனப்படுத்தும் என்பதால் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஜவ்வை மட்டும் தைத்தால் கால் மடங்குவது நிற்கலாம், அவரை உண்மையில் வாட்டும் வலி அப்படியே இருக்கும். தசைநாணை மட்டும் சரிசெய்தால், தளர்ந்த கணுக்கால் அதைத் திரும்பக் கிழிக்கும். இரண்டையும் ஒரே அறுவையில் செய்வது என்று தீர்மானித்தோம். இந்தச் சேர்க்கை அபூர்வமானதும் இல்லை. டிஜியோவானி குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், கணுக்கால் வெளிப்புற ஜவ்வுத் தளர்ச்சிக்கு அறுவை செய்துகொண்ட 61 பேரில் ஜவ்வுப் பழுது மட்டும் தனியாக இருந்தவர் ஒருவர்கூட இல்லை. 47 பேருக்குப் பெரோனியல் உறை அழற்சி, 15 பேருக்குப் பிரெவிஸ் கிழிசல்.

முன்கூட்டியே தெரிந்தது அறுவை முறையைத் தேர்வதிலும் உதவியது. பழைய முறைகளில் சில, பிரெவிஸையே முழுதாகவோ பாதியாகவோ எடுத்து ஜவ்வுக்குப் பதிலாகக் கோத்துவிடும். கிழிந்து கிடக்கும் பிரெவிஸ் உள்ளவருக்கு அதற்கு இடமே இல்லை. நோயாளியின் சொந்த ஜவ்வையே இறுக்கித் தைக்கும் முறையை ஸ்வீடன் நாட்டு அறுவை மருத்துவர் புரோஸ்ட்ரோம் 1966-இல் எழுதினார். அதற்கு மேல் பக்கத்துப் பட்டையை இழுத்து வலுவூட்டும் மாற்றத்தை கூல்ட் 1980-இல் சேர்த்தார். அதையே எடுத்துக்கொண்டோம்.

சம்மதம் வாங்கும்போது அவரும் அவருடைய அண்ணனும் இருந்தார்கள். திறந்து பார்க்கும்போது பிரெவிஸின் பருமனில் பாதிக்கும் குறைவாகக் கெட்டிருந்தால் கெட்டதை நீக்கிச் சுருட்டித் தைப்போம், பாதிக்கு மேல் போயிருந்தால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு மீதியை லாங்கஸோடு இணைப்போம் என்று சொன்னோம். கிராஸும் பிராட்ஸ்கியும் 1998-இல் முன்வைத்த அளவுகோல் இது. "அப்போ உள்ள போய்ப் பாத்தாத்தான் தெரியுமா?" என்று அண்ணன் கேட்டார். எவ்வளவு கிழிந்திருக்கிறது என்பது மட்டும் அப்போதுதான் தெரியும், கிழிந்திருக்கிறது என்பது இப்போதே தெரியும் என்றோம்.

நாள் குறிப்பதுதான் இழுபறியாக இருந்தது. ஆவணிக்குப் பிறகு காய் எடுப்பு மும்முரமாக இருக்கும், தை மாசி வரை போகும். அந்த மாதங்களின் கூலியை விட்டுக்கொடுக்க வீட்டில் வழியில்லை. நாள்பட்ட கிழிசல் என்பதால் சில வாரம் பொறுப்பதில் ஆபத்தில்லை, ஆனால் குந்தியே இருந்தால் மேலும் கிழியும். கங்காணியிடம் அவரே பேசி, சீசன் முடியும்வரை ஸ்டோரில் உட்கார்ந்து காய் தரம்பிரிக்கும் வேலைக்கு மாறிக்கொண்டார். கூலி குறைவு. கயிறு கட்டும் கணுக்கால் உறையைப் போட்டுக்கொண்டார்.

அறுவையில் கண்டது

வெட்டு, எலும்புக்குப் பின்னால் தொடங்கி நுனியைச் சுற்றி முன்னால் வரும்படி ஒன்றே ஒன்று. ஜவ்வுக்கு மட்டுமான வெட்டு முன்பக்கம் போட்டிருந்தால் தசைநாணை எட்ட இன்னொரு வெட்டு வேண்டியிருக்கும். பின்னாலும் முன்னாலும் ஓடும் உணர்வு நரம்புகளைக் காக்கும் கவனம் தேவை.

உறையைத் திறந்ததும் பிரெவிஸ் வாழைநார் போல நீளவாக்கில் பிளந்திருந்தது, சுமார் 4 சென்டிமீட்டருக்கு. கெட்டுப்போன ஓரம் மொத்தப் பருமனில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். அதை நீக்கி, மீதியைக் குழாய்போல் சுருட்டி மெல்லிய நூலால் தைத்தோம். தாழ இறங்கிய தசையை வெட்டிக் குறைத்தோம். லாங்கஸ் நன்றாக இருந்தது. எலும்புப் பள்ளம் போதிய ஆழம் இருந்ததால் அதைத் தோண்டவில்லை. கணுக்காலுக்கான சிறிய ஸ்கோப் எங்களிடம் இல்லை. ஜவ்வுக்குத் திறந்த வழியாகவே மூட்டின் வெளிப்பகுதியைப் பார்த்தோம், குருத்தெலும்பு சேதமில்லை.

பிறகு ஜவ்வுகளை இறுக்கி எலும்பில் நங்கூரத் திருகுகளால் பதித்தோம். குதிகாலுக்குப் போகும் ஜவ்வு தசைநாண்களுக்கு அடியில் இருப்பதால், அவற்றை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டே அதை முடிச்சிட வேண்டும். தசைநாண்களை இடத்தில் விட்டு, மேல் பட்டையைக் கடைசியாகத் தைத்தோம். அதிகம் இறுக்கினால் தசைநாண் நகராமல் ஒட்டிக்கொள்ளும்.

அதன் பிறகு

மறுவாழ்வுப் பயிற்சியில் இரண்டு தையல்களும் எதிரெதிராக இழுக்கும். ஜவ்வு அசையாமல் இருக்கக் கேட்கும், தசைநாண் ஒட்டிக்கொள்ளாமலிருக்க அசைவு கேட்கும். முதல் 2 வாரம் மாவுக்கட்டு, கால் ஊன்றவில்லை. பிறகு நடைபூட்ஸ். 3-ஆம் வாரத்திலிருந்து பாதத்தை மேலும் கீழும் மட்டும் அசைத்தார். உள்நோக்கித் திருப்புவதும், தடுப்புக்கு எதிராக வெளிப்பக்கம் தள்ளுவதும் 6 வாரம் வரை கிடையாது. அதன்பின் ரப்பர் பட்டை மீண்டும் வந்தது. மூன்றாம் மாதம் ஒற்றைக்கால் சமநிலைப் பயிற்சி, பிறகு வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஏறி இறங்குவது.

பாதத்தின் வெளி ஓரத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தது. நாளாக ஆகக் குறைந்து, ஒரு ரூபாய் அளவில் இன்னும் மிச்சமிருக்கிறது. ஆறாம் மாதத்துப் படத்தில் சாய்வு 7 டிகிரி. ஓராண்டில் கால் ஒருமுறைகூட மடங்கவில்லை, சொடுக்கு இல்லை. வெளிப்பக்கம் தள்ளும் வலு இடது காலுக்கு மிகவும் கிட்டத்தில் வந்துவிட்டது. நீண்ட நேரம் குந்தினால் மட்டும் பின்பக்கம் கனக்கிறது என்கிறார். அல்ட்ராசவுண்டில் தசைநாண் தடித்திருக்கிறது, ஆனால் ஒன்றாக இருக்கிறது, அசைத்தால் இடம் மாறவில்லை.

இப்போது மாற்றியிருப்பவை

கணுக்கால் மடங்குகிறது என்று வருகிற எவருக்கும் எம்.ஆர்.ஐ. கேட்கும் சீட்டில், வலியிருக்கும் இடம், சொடுக்கு உண்டா, வெளிப்பக்கம் தள்ளும் வலு எவ்வளவு ஆகிய மூன்றையும் எழுதி, பெரோனியல் தசைநாண்களையும் குறிப்பாகப் பார்க்கும்படி கேட்கிறோம். பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டி எடுக்கும்படியும் எழுதுகிறோம். எலும்புக்குப் பின்னால் வலி சொல்பவர்களுக்கு அசைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ.க்கு முன்பே நடக்கிறது. செலவும் குறைவு, கம்பத்திலேயே முடிந்துவிடுகிறது. அதைச் செய்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது என்பதால், சாதாரணம் என்று வரும் அறிக்கையும் கையால் பார்த்ததும் முரண்பட்டால் கையையே நம்புகிறோம். ரப்பர் பட்டைப் பயிற்சி வலிக்கிறது என்று பிசியோதெரபிஸ்ட் எழுதினால் அந்த நோயாளி அன்றே மறுபரிசோதனைக்கு வருவார்.

ஜவ்வு அறுவை செய்யும் ஒவ்வொருவருக்கும் தசைநாண் உறையைத் திறந்து பார்த்துவிடுவதே நல்லது என்று சில அறுவை மருத்துவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அறிகுறி இல்லாத இடத்தில் திறந்தால் ஒட்டுத்தழும்புதான் மிஞ்சும். ஆனால் தேவைப்பட்டால் பின்னால் நீட்டக்கூடிய விதத்தில் வெட்டைப் போடுவதும், அதற்கான சம்மதத்தை முன்பே வாங்கி வைப்பதும் இப்போது எல்லோருக்கும் செய்கிறோம்.

இவர் அடுத்த சீசனுக்கு மெட்டு ஏறவேண்டும் என்கிறார், தரம்பிரிக்கும் கூலி கட்டுப்படியாகவில்லை. அரைநாள் காய் எடுப்பு, அரைநாள் ஸ்டோர் என்று கங்காணியிடம் கேட்கச் சொல்லியிருக்கிறோம். சரிவில் வலது கால் மேட்டுப்பக்கம் இருக்கும்படி நிரையைப் பார்த்து உட்காரவும் பிசியோதெரபிஸ்ட் பழக்கியிருக்கிறார். அப்போது பாரம் இடது காலுக்கு மாறும் என்பதால், சீசன் தொடங்குமுன் அந்தக் காலையும் அசைத்துப் பார்த்து அளவு எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.